வடதிசைப் பழம்படங்கள்: புதிதாக வருவோருக்குச் சில புத்திமதிகள்

பழைய நிலப்படங்கள் மேல் ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். 15ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றைக் கணினித் திரையில் பார்த்திருப்பார்கள். அதில் கிரீன்லாந்து நார்வேயின் தலைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்காட்லாந்து இடுப்பொடிந்து கிழக்கே சாய்ந்திருக்கும். ஸ்வீடனும் நார்வேயும் தெற்கு வடக்காக நிற்காமல் மேற்கு கிழக்காகப் படுத்துக் கிடக்கும். "இவ்வளவு தப்பாவா வரைஞ்சாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

கேள்வியில் குறையில்லை. சிரிப்பைத்தான் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும். ஐரோப்பிய மறுமலர்ச்சியின் முதல் நூற்றைம்பது ஆண்டுகளில் வடநாடுகளை வரைந்த படங்களைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

1. படத்தைத் தொடுவதற்கு முன் தாலமியைப் படியுங்கள்.

கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் இருந்து எழுதியவர் தாலமி. அவருடைய 'புவியியல்' நூல் மேற்கு ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் கிடைக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் கிரேக்க ஏடு ஃபிளாரன்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஜாக்கோப்போ ஆஞ்செலி அதை லத்தீனில் பெயர்த்து முடித்தார். ஏறத்தாழ எண்ணாயிரம் இடங்கள், ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று எண் போட்ட நூல் அது. எருசலேமை நடுவில் வைத்து வட்டமாக உலகம் வரைந்து பழகியவர்களுக்கு அந்த எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்காகச் சொல்ல முடியும் என்பதே அவர்களுக்கு ஒரு வெறியை ஏற்றிவிட்டது.

ஆனால் அந்த நூலில் மனிதர் அறிந்த உலகம் வடக்கே 63 பாகையில், தூலே என்னும் தீவோடு முடிந்துவிடுகிறது. இன்றைய கணக்கில் ஐஸ்லாந்து முழுவதும், நார்வேயில் ஏறத்தாழப் பாதியும், பின்லாந்தின் பெரும்பகுதியும் அந்தக் கோட்டுக்கு மேலே கிடக்கின்றன. ஸ்காண்டிநேவியா தாலமிக்கு டென்மார்க்கின் கிழக்கே இருக்கும் ஒரு நடுத்தரத் தீவு, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து கிழக்கே மடங்கியதற்கும் தூலேயைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு: தூலே 63இல் நின்றாக வேண்டும், ஸ்காட்லாந்து அதற்குக் கீழே அடங்கியாக வேண்டும், நிமிர்த்தி வைத்தால் இடம் போதாது, எனவே படுக்க வைத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். நம் தீபகற்பத்தின் முனையை மழுக்கி, இலங்கையை ஊதிப் பெருக்கியவரும் இதே தாலமிதான். ஆகவே வடக்கத்தியார்களுக்கு மட்டும் அநியாயம் செய்தார் என்று சொல்வதற்கில்லை.

மறுமலர்ச்சிக் காலத்து வரைபடக்காரர் ஒவ்வொருவரும் இந்தச் சட்டத்துக்குள் புதுச் செய்தியைத் திணிக்கப் பார்த்தவர்கள். 1482இல் உல்ம் நகரில் அச்சான உலகப் படத்தைப் பாருங்கள். மேல் விளிம்புக் கோடு வடக்கே உடைந்து மேலே புடைத்திருக்கும். தாலமியின் உலகத்துக்குள் ஸ்காண்டிநேவியா அடங்காததால் சட்டத்தையே பிளந்து இடம் கண்டிருக்கிறார்கள். அந்த ஒரு புடைப்பைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தால் போதும், பாதிப் பாடம் முடிந்தது.

2. ஊர்ப்பெயர் இருக்கிறது என்பதற்காக ஊர் இருப்பதாக நம்பாதீர்கள்.

வடநாடுகளை முதன்முதலில் தாலமி முறையில் வரைந்தவர் கிளாடியஸ் கிளாவஸ் என்ற டேனிஷ்காரர். 1388இல் ஃபியூன் தீவில் பிறந்தவர். 1420களில் ரோமில் இருந்தார். பழைய லத்தீன் ஏடுகளைத் தேடி அலைந்த போஜ்ஜோ பிராச்சோலினி போன்றவர்களோடு பழக்கம். பிரெஞ்சுக் கார்டினல் ஃபியாஸ்த்ர் தன் தாலமிப் பிரதியில் கிளாவஸின் வடநாட்டுப் படத்தையும் விவரத்தையும் 1427இல் சேர்த்துக்கொண்டார். அந்தப் பிரதி இன்று பிரான்ஸின் நான்சி நகர நூலகத்தில் இருக்கிறது. கிரீன்லாந்து ஒரு நிலப்படத்தில் பெயரோடு தலைகாட்டுவது ஏறக்குறைய இதுதான் முதல் தடவை.

அங்கே கிரீன்லாந்து தீவாக இல்லை. வடகடலைச் சுற்றி வளைந்து ஐரோப்பாவோடு சேர்ந்திருக்கிறது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் இந்தக் கருத்து ரோமில் உட்கார்ந்து கட்டிய கதையல்ல. 985 வாக்கில் கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் மக்களே, வெள்ளைக் கடல் பக்கத்திலிருந்து வடக்கே பாழ்நிலம் தொடர்ந்துபோய் கிரீன்லாந்தைத் தொடுகிறது என்றுதான் சொல்லி வந்தார்கள். ஐஸ்லாந்துப் பழைய புவியியல் குறிப்புகளில் அது இருக்கிறது. வடக்கே போனால் உறைபனி, மேற்கே போனாலும் உறைபனி. பனிக்கட்டிக்கு அடியில் கடலா நிலமா என்று சொல்ல அவர்களிடம் வழி ஏது? அந்தக் குடியேற்றத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் கடைசி எழுத்துச் செய்தி, 1408 செப்டம்பரில் ஹ்வால்ஸே தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணம். அதற்குப் பிறகு பேச்சு மூச்சு இல்லை. கிளாவஸ் வரைந்தபோது ஐரோப்பா அந்த நாட்டோடு தொடர்பை இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. போய்ப் பார்த்துத் திருத்த ஆளில்லாத நேரத்தில் படம் பிறந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. கிளாவஸ் பிற்பாடு இன்னொரு விவரக் குறிப்பும் எழுதினார். அதில் கிரீன்லாந்துக் கரையோரம் முழுக்க முனை, ஆறு, முனை, ஆறு என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை தீர்க்கரேகையோடு. நிக்கோலஸ் ஜெர்மானஸ், ஹென்ரிகஸ் மார்ட்டெல்லஸ் போன்ற பின்வந்தவர்கள் அந்தப் பெயர்களைப் பயபக்தியோடு படியெடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அவற்றின் பொருளைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் கிடைத்த ஏடுகளை வைத்துக்கொண்டு பியோர்ன்போ, பீட்டர்சன் என்ற இரண்டு டேனிஷ் ஆய்வாளர்கள் 1904இல் முடிச்சை அவிழ்த்தார்கள். பெயர்களைக் கரையோரமாகவே வரிசைப்படி படித்துக்கொண்டு போனால், ஃபியூன் தீவு வட்டாரப் பேச்சில் ஒரு நாட்டுப் பாட்டு வருகிறது! கிரீன்லாந்து ஆற்றங்கரையில் ஒரு ஆள் குடியிருக்கிறான் என்று தொடங்கும் பாட்டு. அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரு முனை, ஒரு ஆறு. ஐஸ்லாந்துக்கு வந்தபோது பாட்டையும் விட்டுவிட்டு, ரூன் எழுத்துகளின் பெயர்களையே ஊர்ப்பெயராகப் போட்டுவிட்டார் மனிதர்.

ஏன் செய்தார்? கட்டம் போட்ட படம் வெற்றாக இருக்கக் கூடாது. தாலமி கரை நெடுகப் பெயர் வைத்திருக்கிறார், தன் பங்குக்கும் பெயர் வேண்டும். இத்தாலியில் ஒருவருக்கும் டேனிஷ் தெரியாது என்ற தைரியமும் இருந்திருக்கும். என் எண்ணம் இது. உங்களுக்கு வேறு தோன்றினால் வாதாடுங்கள்.

இதற்காக கிளாவஸைப் பொய்யர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். கடலில் தோல் படகோடு பிடிபட்ட குள்ள மனிதர்களைத் தானே பார்த்ததாகவும், அந்தப் படகு நீதரோஸ் பேராலயத்தில், அதாவது இன்றைய ட்ரான்ஹெய்மில், தொங்கிக்கொண்டிருப்பதாகவும் அதே மனிதர் எழுதுகிறார். இன்யுயிட் மக்களின் கயாக் படகு அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரே ஏட்டில் ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கண்ணால் கண்ட சாட்சி. வரிக்கு வரி பிரித்துப் பார்க்கிற பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

3. பிந்தி வந்த படம் முந்தியதைவிடச் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

நிக்கோலஸ் ஜெர்மானஸ் ஃபிளாரன்ஸில் தாலமிப் பிரதிகள் தயாரித்துப் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்தவர். 1466இல் ஃபெராரா நகரின் போர்சோ தெஸ்தேவுக்கு ஒன்று சமர்ப்பித்திருக்கிறார். தொடக்கத்தில் அவர் வரைந்த வடநாட்டுப் படத்தில் கிரீன்லாந்து கிளாவஸ் வைத்த இடத்தில், ஐஸ்லாந்துக்கு மேற்கே நீண்டு தொங்குகிறது. இடம் கிட்டத்தட்டச் சரி. பிறகு அவரே அதைத் தூக்கி நார்வேக்கு வடக்கே வைத்துவிட்டார். முந்தியது சரி, பிந்தியது பிழை.

சரித்திரத்தின் குறும்பு என்னவென்றால், அந்தப் பிந்திய படம்தான் அச்சேறியது. 1482இல் லீன்ஹார்ட் ஹோலே உல்ம் நகரில் அச்சிட்ட தாலமி, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அச்சான முதல் தாலமி. தாலமியின் பழைய படங்களோடு இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், வடநாடுகள், புனித நாடு என்று ஐந்து புதிய படங்களும் அதில் உண்டு. ஹோலே கடனில் மூழ்கிப் போனார். மரக்கட்டைகள் கைமாறி, 1486இல் யோஹான் ரேகர் மறுபதிப்புப் போட்டார். 1507இல் அமெரிக்காவுக்குப் பெயர் வைத்த வால்ட்ஸீமுல்லரின் புகழ்பெற்ற உலகப் படத்திலும் கிரீன்லாந்து அந்த உல்ம் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் படம் பத்துப் பேர் கண்ணில் பட்டால், அச்சுப் படம் நூற்றுக்கணக்கானவர் கண்ணில் படும். சரியான படம் அலமாரியில் தூங்க, பிழையான படம் ஊர் சுற்றியது.

எந்தப் படத்தை எடுத்தாலும் ஆண்டை மட்டும் குறிக்காமல், எத்தனை பிரதி, யார் கையில் போனது என்பதையும் குறித்து வையுங்கள்.

4. படியெடுத்தவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஐந்து படங்கள் ஒரே தீவை ஒரே இடத்தில் காட்டினால் ஐந்து ஆதாரம் என்று எண்ணிவிடுகிறோம். நான்கு பேர் ஐந்தாமவரைப் பார்த்து எழுதியிருந்தால் ஆதாரம் ஒன்றுதான். பிழைக்கும் வம்சாவளி உண்டு. படத்தின் பிழை எந்தத் தகப்பனிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே இந்தத் துறையின் முக்கால்வாசி வேலை. உண்மைச் செய்தி பல வழியில் வரலாம். குறிப்பிட்ட ஒரு பிழை இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றுவது அபூர்வம். எனவே யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று அறியப் பிழையே நல்ல தடயம். பிழையைக் கண்டால் எரிச்சல்படாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

5. வரைந்தவனை விடக் கடலில் போனவனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அவனைத் தேடுங்கள்.

1431இல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து மது ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸ் புறப்பட்டார். புயல் கப்பலை ஒடித்து வடக்கே தள்ளியது. மிஞ்சிய சிலர் படகில் தத்தளித்து, 1432 ஜனவரியில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளின் கடைக்கோடியில் கரை சேர்ந்தார்கள். ரோஸ்ட் தீவு மீனவர்கள் கண்டெடுத்து வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். காற்றில் உலர்த்திய காட் மீன் அங்கே எப்படிச் சோறாகவும் காசாகவும் இருக்கிறது என்று குவெரினி ஊர் திரும்பி எழுதினார். 1450களில் வெனிஸில் ஃப்ரா மௌரோ தன் பெரிய உலகப் படத்தை வரைந்தபோது குவெரினியின் கப்பல் சேதத்தை நார்வேப் பக்கத்தில் குறித்தார். ஃபிளாரன்ஸ் அறிஞர்கள் பாகைக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வெனிஸ் துறவி நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு எப்போதும் ஃப்ரா மௌரோ பக்கம்தான் சாய்வு.

அதே படத்தில் பால்டிக் கடல் பற்றி அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: அந்தக் கடலில் வரைபடமோ திசைகாட்டியோ வைத்துக் கப்பல் ஓட்டுவதில்லை, ஈயக் குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்த்தே ஓட்டுகிறார்கள் என்று. இது பெரிய செய்தி. லூபெக்கிலிருந்தும் டான்சிக்கிலிருந்தும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் அந்தக் கடலில் ஆண்டுதோறும் போய்வந்தன. மாலுமிகளுக்கு ஒவ்வொரு திட்டும் தெரியும். குண்டின் அடியில் ஒட்டி வரும் மணலையும் சேற்றையும் பார்த்து இடம் சொல்வார்கள். ஆனால் அந்த அறிவு படமாகவில்லை. மத்தியதரைக் கடலில் மாலுமிப் படம் வழக்கத்தில் இருந்தது, வடக்கே இல்லை. வரைபடத்தில் வடக்கு பிழையாக இருப்பதால் வடக்கத்தியார்களுக்கு வடக்கு தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள்.

6. படம் எதற்காக வரையப்பட்டது என்று கேளுங்கள்.

ஸ்காண்டிநேவியாவை நிமிர்த்தி வைத்த பெருமை யாக்கோப் ஸீக்லருக்கு. 1532இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வந்த அவர் நூலில்தான் தீபகற்பம் முதன்முறையாக வடக்கு தெற்காக நிற்கிறது, போத்னியா வளைகுடா வடக்கே நீள்கிறது. செய்தி எங்கிருந்து கிடைத்தது? ரோமுக்கு வந்திருந்த வடநாட்டுப் பேராயர்களிடமிருந்து. அப்போதும் கிரீன்லாந்து வடக்கே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பழைய பிழை சீக்கிரம் சாகாது.

ஏழு ஆண்டு கழித்து, 1539இல், வெனிஸில் ஓலாவுஸ் மாக்னுஸின் 'கார்ட்டா மரீனா' வெளிவந்தது. ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கி ஒன்றுசேர்த்த படம், ஏறத்தாழ 1.70 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். ஓலாவுஸ் ஸ்வீடன் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். நாடு லூத்தர் பக்கம் போய்விட்டதால் அண்ணன் யோஹன்னஸோடு நாடிழந்து திரிந்தவர். ரோமச் சபை எப்பேர்ப்பட்ட நாட்டைக் கைவிட்டுவிட்டது பாருங்கள் என்று போப்பாண்டவருக்குக் காட்டும் எண்ணம் படம் முழுக்கத் தெரிகிறது. அதனால்தான் உறைந்த கடலின் மேல் போகும் வண்டிகள், கலைமான்கள், மீன் குவியல்கள், சுரங்கங்கள் என்று நாட்டின் செழிப்பை இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியிருக்கிறார். இதைக் கடற்படமாக மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

எல்லோரும் அதில் வரும் கடற்பூதங்களைத்தான் வெட்டி எடுத்துச் சட்டையில் அச்சடித்துக்கொள்கிறார்கள். போகட்டும். நீங்கள் ஐஸ்லாந்துக்குக் கிழக்கே கடலில் சுருள் சுருளாகப் போட்டிருக்கும் கோடுகளைப் பாருங்கள். மற்ற இடத்துக் கடலில் கோடுகள் வேறு மாதிரி; இங்கே மட்டும் வட்டம் வட்டமாகச் சுழல்கின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்நீரும் தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் முட்டுகிற எல்லை அந்தப் பக்கம்தான். ஓலாவுஸ் வரைந்தது அதைத்தான் என்று ரோஸ்பி, மில்லர் என்னும் இருவர் 2003இல் எழுதினார்கள். டான்சிக்கில் ஜெர்மன் மாலுமிகளிடம் அவர் கேட்டறிந்திருக்கலாம் என்பது ஊகம். நிரூபணம் ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அலங்காரம் என்று கடந்துபோகிற இடத்தில் நின்று பார்த்தார்களே, அந்தப் பழக்கத்தை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. இவ்வளவு பெரிய படம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காணாமலே போயிருந்தது. 1886இல் மியூனிக் நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் இன்னொன்று வெளிப்பட்டு உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போனது. இன்றைக்கும் அந்த முதல் பதிப்பில் தெரிந்தவை இந்த இரண்டுதான்.

7. கேள்விப் பிழை வேறு, கட்டுக்கதை வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுக்காதீர்கள்.

1558இல் வெனிஸில் நிக்கோலோ ஜெனோ ஒரு சிறு நூலும் படமும் வெளியிட்டார். தன் முன்னோர்களான நிக்கோலோ, அந்தோனியோ என்ற சகோதரர்கள் 1380 முதல் வட அட்லாண்டிக்கில் சுற்றி, ஃபிரிஸ்லாண்டா, எஸ்தோத்திலாந்து, திரோஜியோ, இக்காரியா என்று பல நாடுகளைக் கண்டார்களாம். அவர்கள் எழுதிய கடிதங்களைத் தான் சிறுவயதில் விளையாட்டாகக் கிழித்துப் போட்டுவிட்டாராம். மிஞ்சிய துண்டுகளிலிருந்து மீட்ட கதையாம். ஆதாரத்தை நானே கிழித்துவிட்டேன் என்று ஒருவர் தொடங்கினால் உங்கள் காது கூர்மையாகிவிட வேண்டும்.

படத்தை நுணுகிப் பார்த்தவர்கள், கிளாவஸ் வழிவந்த வடநாட்டுப் படத்தையும் ஓலாவுஸின் படத்தையும் வெட்டி ஒட்டியதுதான் என்று காட்டிவிட்டார்கள். 1898இல் லூக்காஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு பெரிய நூலே எழுதி இந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். மேலும், வடக்கே கப்பலில் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட மூத்த நிக்கோலோ, 1390களின் தொடக்கத்தில் கிரேக்கத்தில் வெனிஸின் அதிகாரியாக இருந்தார் என்றும், 1394இல் கையாடல் வழக்கில் மாட்டினார் என்றும் வெனிஸ் ஆவணங்கள் சொல்கின்றன.

ஆனால் அந்தப் பொய்க்கு வாய்த்த வாழ்வைப் பாருங்கள். பெரும் வரைபடக்காரரான மெர்க்கேட்டர் தன் 1569 உலகப் படத்தில் ஏற்றுக்கொண்டார், அவருக்குப் பின்னாலேயே இன்னொரு வரைபடக்காரரான ஓர்ட்டெலியஸும் ஏற்றுக்கொண்டார். 1576இல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் வடமேற்கு வழி தேடிப் போனபோது கிரீன்லாந்தின் தென்கரை தெரிந்தது. கையில் இருந்த படத்தில் அந்த இடத்தில் ஃபிரிஸ்லாண்டா இருந்ததால், இதுதான் ஃபிரிஸ்லாண்டா என்று எழுதிக்கொண்டார். 1578இல் அதில் இறங்கி 'மேற்கு இங்கிலாந்து' என்று பெயரும் வைத்துவிட்டார். பத்து ஆண்டுக்குள் ஜான் டேவிஸ் அதே கரையைப் பார்த்து, இது யாரும் காணாத புது நிலம் என்று நினைத்தார். இரண்டு பேர் சொன்னதையும் ஜெனோ படத்தோடு பொருத்தப் போன வரைபடக்காரர்கள், பாஃபின் தீவில் இருக்கிற ஃப்ரோபிஷரின் நீர்வழியைத் தூக்கி கிரீன்லாந்தின் தென்பகுதியில் வெட்டிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலும் அந்த வெட்டு ஆறாமல் இருக்கிறது. கதைத் தீவு உண்மை நாட்டை இரண்டாகப் பிளந்தது இப்படித்தான்.

ஃப்ரோபிஷரின் மூன்றாம் பயணத்திலிருந்து திரும்பிய 'இம்மானுவேல்' என்ற கப்பல் வழியில் ஒரு தீவைக் கண்டதாகச் சொன்னது. 'பஸ் தீவு' என்று பெயராகி அது படத்தில் ஏறியது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. மூடுபனியிலும் மிதக்கும் பனியிலும் களைத்த கண்கள் எதையோ கண்டன. 1818இல் ஜான் ராஸ் அந்த இடத்தில் ஆழம் பார்த்துத் தேடினார். தீவு இல்லை. ஜெனோவின் தீவும் இல்லை, இம்மானுவேலின் தீவும் இல்லை. முதலாமவரைக் கண்டியுங்கள். இரண்டாமவர்களிடம் கொஞ்சம் கருணை காட்டுங்கள்.

8. நேர்மையான ஆளும் கைவிடப்படுவான்.

வட துருவத்தைச் சுற்றி நான்கு பெரிய தீவுகள். அவற்றுக்கிடையே நான்கு நீரோட்டங்கள் உள்ளே பாய்ந்து நடுவில் பூமிக்குள் விழுகின்றன. மையத்தில் பெரிய கருங்காந்தப் பாறை. மெர்க்கேட்டரின் 1569 படத்தின் மூலையிலும், அவர் இறந்த மறு ஆண்டு 1595இல் வெளிவந்த துருவப் படத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு தீவில் நான்கடிக் குள்ளர்கள் வசிப்பதாகவும் குறிப்பு. எங்கிருந்து கிடைத்தது என்று ஆங்கில அறிஞர் ஜான் டீ கேட்டதற்கு, 1577இல் மெர்க்கேட்டர் கடிதம் எழுதினார்: கனோயன் என்பவரின் பயண நூலில் படித்தது, அவர் எடுத்துக்கொண்டது 'இன்வென்சியோ ஃபோர்ட்டுனாட்டா' என்னும் 14ஆம் நூற்றாண்டு நூலிலிருந்து. இன்று இரண்டு நூல்களும் இல்லை. மனிதர் ஆதாரத்தை மறைக்கவில்லை, அழகாகப் பெயர் சொல்லிவிட்டார். ஆதாரமே பிசகு. அடிக்குறிப்பு இருக்கிறது என்று மயங்காதீர்கள், இவ்வளவுதான்.

9. மிகச் சரியாக இருக்கும் படத்தைச் சந்தேகப்படுங்கள்.

1965 அக்டோபரில் யேல் பல்கலைக்கழகம் 'வின்லாந்து படம்' ஒன்றை உலகுக்கு அறிவித்தது. கொலம்பஸுக்கு முன்பே, 15ஆம் நூற்றாண்டு நடுவில், வட அமெரிக்காவைக் காட்டும் படம் என்றார்கள். அதில் கிரீன்லாந்து அழகான தீவாக, வடகரை உட்பட இன்றைய வடிவத்துக்குப் பக்கத்தில் நின்றது. அது தீவுதான் என்பதும் வடகரை எப்படி வளைகிறது என்பதும் 19ஆம் நூற்றாண்டு முடியும்போதுதான் பயணிகளால் உறுதியாயின. 15ஆம் நூற்றாண்டு ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பனிக்கு மேல் பறந்து பார்த்திருக்க முடியாது. 1970களில் வால்ட்டர் மெக்ரோன் மையைச் சோதித்து, 20ஆம் நூற்றாண்டில் வந்த டைட்டானியம் வண்ணப்பொருள் இருப்பதாகச் சொன்னார். பல ஆண்டு சண்டை நடந்தது. 2021இல் யேல் பல்கலைக்கழகமே படத்தின் கோடுகள் முழுவதும் டைட்டானியம் மை என்று கண்டு, போலி என்று அறிவித்தது.

வேதியியல் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அந்தந்தக் காலத்துக்கு உரிய பிழை எது என்று தெரிந்தவருக்கு, அந்தப் பிழை இல்லாததே போதுமான எச்சரிக்கை.

10. கைவேலை பற்றிச் சில்லறைப் புத்திமதிகள்.

லத்தீன் இலக்கணம் கரைத்துக் குடிக்க வேண்டாம். சுருக்க எழுத்துகளையும் கடல், முனை, ஆறு, தீவு என்பவற்றுக்கான சொற்களையும் பழகினால் தொடக்கத்துக்குப் போதும். மரக்கட்டையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் செதுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். உல்ம் உலகப் படத்தைச் செதுக்கிய ஆர்ம்ஷைம் ஊர் யோஹன்னஸ் தன் பெயரைத் தலைமாட்டில் போட்டுக்கொண்டார், ஆனால் 'என்' எழுத்துகள் பல இடங்களில் திரும்பியே கிடக்கின்றன. கடலின் நிறத்தை வைத்து வாதம் செய்யாதீர்கள். நிறம் அச்சுக்குப் பின் கையால் தீட்டியது. பெரும்பாலும் 1482 பதிப்பில் நீலக் கடல், 1486இல் பழுப்புக் கடல். மூலத்தைத் தொட வாய்ப்பில்லாதவர்கள், 1889இல் நோர்டன்ஷோல்ட் வெளியிட்ட நகல் படத் தொகுப்பை எங்காவது தேடிப் பிடியுங்கள். வடகிழக்குக் கடல்வழியை 1878-79இல் கப்பலிலேயே கடந்து காட்டிய மனிதர் அவர். தான் போன கடலின் பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு ஹெல்சிங்கியில் இருக்கிறது.

இன்றைய படத்தை முதல் நாளே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒப்பிட்டால் பிழை மட்டும்தான் கண்ணில் படும்.

11. எதிலிருந்து தொடங்குவது?

கார்ட்டா மரீனாவிலிருந்து வேண்டாம். அதன் அழகு உங்களைப் படிக்க விடாது. மெர்க்கேட்டரும் வேண்டாம், அவரிடம் வந்து கலந்த ஓடைகள் மிக அதிகம். உல்ம் பதிப்பின் வடநாட்டுப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதில் இருக்கும் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தாலமியிடமிருந்து வந்ததைச் சிவப்பிலும், கிளாவஸிடமிருந்து வந்ததைப் பச்சையிலும், இரண்டிலும் இல்லாததைக் கறுப்பிலும் குறியுங்கள். கறுப்புப் பெயர்கள் சிலவே மிஞ்சும். அவற்றை யார் சொன்னார், எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேவாலயத்தில் சொன்னார் என்று தேடத் தொடங்குங்கள். கிடைத்ததை எழுதி அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதை மட்டும் விடாமல் குறிப்பிடுங்கள்.